உப்பும் பனிக்கட்டியும்: யாழ்ப்பாணத்திற் குளிர்களி வந்த வரலாறு

அரசர் முடிசூடியதும் போர் நிகழ்ந்ததும் உடன்படிக்கை எழுதியதும் வரலாற்று நூல்களில் ஏறுகின்றன. சித்திரை வெயிலிற் பள்ளிவிட்டு வீடு திரும்பிய பிள்ளைக்குத் தாய் யாது கொடுத்தாள் என்பது ஏறுவதில்லை. எனினும், ஒரு நாட்டு மக்கள் எவற்றை உண்டார்கள் என்பதோடு, எவற்றை விரும்பியும் பெறமாட்டாதிருந்தார்கள் என்பதையும் அறிந்தாலன்றி அவர்தம் வாழ்க்கை வரலாறு நிறைவுறாது. பாலையும் சீனியையும் உறையவைத்து வீட்டிலே ஆக்கப்படும் குளிர்களி யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எவ்வழியாக வந்தது, ஏன் காலந்தாழ்த்தி வந்தது, வந்தபின் ஏன் ஒருகால் அற்றுப்போயிற்று என்பவற்றை இந்நோக்கோடு ஈண்டு ஆராய்வாம்.

முதலிற் சொற்களை நோக்குவாம். பனி என்னும் சொல் தமிழிற் பெரும்பாலும் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் விடியற்காலைக் குளிரையுமே குறித்து வந்தது. நீர் இறுகிக் கல்லாகும் காட்சியைச் சமவெளித் தமிழர் கண்டது ஆலங்கட்டி மழையில் மட்டுமே. வானத்திலிருந்து விழுந்து கையிலெடுக்குமுன் கரைந்துபோகும் அந்த ஆலங்கட்டியைச் சேமித்து வைக்கலாம் என்றோ, அதனைக்கொண்டு உணவு ஆக்கலாம் என்றோ எவரும் எண்ணியிருத்தல் இயலாது. பனிக்கட்டி பண்டமாக வந்தபோது அதன் ஆங்கிலப் பெயரும் உடன் வந்தது. யாழ்ப்பாணத்தார் அப்பெயரை ஏற்று, அதனோடு தம் சொல்லொன்றைச் சேர்த்து, குச்சியில் உறைந்த இனிப்பு நீரை ‘ஐஸ்பழம்’ என்றனர். கோடையில் நாவுக்கு இதமளிப்பது பழமே என்று பழகிய மக்கள் புதுப்பொருளையும் பழத்தின் இனத்திற் சேர்த்தனர் போலும். ஐஸ்கிறீமுக்குக் ‘குளிர்களி’ என்னும் பெயர் பின்னர் ஆக்கப்பட்டது. அஃது ஏட்டில் நின்றது. ஐஸ்பழமோ தெருவெல்லாம் ஒலித்தது.

இனி, குளிர்களிக்கு வேண்டிய பொருள்கள் யாவை? பால், சீனி, பழச்சாறு என்பன உண்பதற்குரியவை. அவற்றை உறையவைப்பதற்குப் பனிக்கட்டியும் உப்பும் வேண்டும். பனிக்கட்டி மட்டும் போதாதோ என்று மாணவர் வினவலாம். போதாது. தூய நீர் சுழியப் பாகையில் உறையும். சீனி கரைந்த பாலோ அதற்கு இரண்டு மூன்று பாகை கீழே சென்ற பின்னரே உறையத் தொடங்கும். எனவே வெறும் பனிக்கட்டியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இனிப்புப் பால் குளிருமேயன்றி இறுகாது. நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைத் தூவினால், அவ்வுப்பு உருகிய நீரிற் கரைந்து அதன் உறைநிலையைத் தாழ்த்துகின்றது. அதனாற் பனிக்கட்டி மேலும் உருகுகின்றது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் சூழ உள்ளவற்றிலிருந்து கவரப்படுதலால் அக்கலவை சுழியத்திற்கு 21 பாகை கீழே வரையுஞ் செல்லவல்லது. பனிக்கட்டி மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு என்று அனுபவத்தால் வகுத்த அளவு இவ்விதிக்கு ஏறத்தாழ ஒத்ததேயாம்.

இவ்விரண்டில் உப்புக்கு யாழ்ப்பாணத்திற் குறைவில்லை. கடல்நீரேரிகள் குடாநாட்டினுள்ளே நெடுந்தூரம் புகுந்து கிடத்தலால், கோடையில் அவற்றின் கரையோரங்களில் உப்புத் தானாகவே விளைந்து வெண்மை பூத்து நிற்பதைக் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசினரின் தனியுரிமையாயிருந்தது. தன் வேலியோரத்தில் விளைந்ததையும் குடியானவன் தன் விருப்பப்படி அள்ளுதல் குற்றமாயிற்று. ஆயினும் பொருள் இம்மண்ணிலே விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனையிறவு உப்பளத்தின் பெயரை அறியாதார் இலர். குளிரை உண்டாக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று வாயிலில் மலிந்து கிடந்தது; மற்றொன்று கண்ணுக்கும் எட்டாதிருந்தது. குடாநாட்டிற் குளிர்களியின் வரலாறு அம்மற்றொன்று வந்துசேர்ந்த வரலாறேயன்றி வேறன்று.

வட இந்தியர் இவ்வகையில் நம்மினும் நற்பேறுடையவர். அக்பர் அவையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்ததையும், இமயச் சாரலிலிருந்து இலாகூருக்குப் பனிக்கட்டி கொணரப்பட்டதையும் அபுல் பாசல் தம் நூலிற் குறித்துள்ளார். மலைக்கு எட்டாத அலகாபாத்திலும் மக்கள் ஓர் உபாயங் கண்டனர். குளிர்கால இரவுகளில் ஆழமற்ற குழிகளில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வாயகன்ற மட்கலங்களிற் சிறிதளவு நீரூற்றி வைத்தனர். தெளிந்த வானை நோக்கி வெப்பம் வெளியேறுதலால் விடியுமுன் நீர் மெல்லிய தகடாய் உறைந்தது. இம்முறையைக் கண்ட சேர் றொபேட் பாக்கர் 1775 இல் இலண்டன் இராயல் சங்கத்து ஏட்டில் அதனை விவரித்தார். நம் குடாநாட்டில் இவ்வுபாயம் பலிக்காது. மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலத்தின் ஈரக்காற்று வெப்பத்தைப் போகவிடாது மூடிநிற்கும். மார்கழி இரவிலும் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது.

தென்னாட்டிற்குப் பனிக்கட்டி வந்தது மலைவழியாக அன்று, கடல்வழியாக. அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து வணிகர் பிரெடரிக் ரியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, வெப்பநாடுகளுக்குக் கப்பலேற்றினார். 1833 மே மாதத்தில் ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட ‘ரஸ்கனி’ என்னும் கப்பல் நான்கு மாதங் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 தொன் எஞ்சியிருந்தது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்தும் பாதிக்கு மேல் உருகாதிருந்தமை மரத்தூளின் பெருமையைக் காட்டும். இவ்வணிகத்தின் பொருட்டே சென்னைக் கடற்கரையில் 1842 அளவில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் மாளிகை எழுந்தது. அந்தப் பனிக்கட்டி ஆங்கிலேய அதிகாரிகளின் கிண்ணத்தையும் நோயாளிகள் சிலரின் நெற்றியையும் குளிர்வித்ததேயன்றிப் பொதுமக்கள் வீட்டை எட்டவில்லை. 1870களில் இயந்திரத்தாற் பனிக்கட்டி ஆக்கும் தொழில் இந்திய நகரங்களிற் பரவவே கப்பல் வணிகம் நலிந்தது, மாளிகை கைமாறியது.

இம்மாளிகைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் உறவுண்டு. 1897 சனவரியிற் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் உரையாற்றினார். அடுத்த மாதம் சென்னையை அடைந்த அவர் ஒன்பது நாள் தங்கியது அந்தப் பழைய பனிக்கட்டிக் களஞ்சியத்திலேயாம். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. சென்னையிற் பனிக்கட்டிக் களஞ்சியம் பயனற்றுப் பழங்கட்டிடமாகிவிட்ட அக்காலத்திலும், சுவாமிகளை வரவேற்ற யாழ்ப்பாணத்தார் அவர் தாகத்துக்கு மண்குடத்து நீரும் இளநீருமன்றி வேறு குளிர்பொருளை எளிதில் அளித்திருக்கமாட்டார்.

கொழும்பிலோ 1866 இலேயே பனிக்கட்டிக் கம்பனியொன்று தொடங்கப்பட்டிருந்தது. யானைச் சின்னத்தால் நாடறிந்த குளிர்பான, ஐஸ்கிறீம் நிறுவனம் அதன் வழிவந்ததே. ஆனாற் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வன்னிக்காடு கிடந்தது. வண்டிப் பாதையிற் பல நாள் செல்லும் பயணத்தைப் பனிக்கட்டி பொறுக்குமாயினும், வாங்குவோரின் பணப்பை பொறாது.

அவ்வாறாயின் நம் முன்னோர் கோடையை எங்ஙனங் கழித்தனர்? குளிரை வெளியிலிருந்து பெறாத மக்கள் தம் நிலத்திலேயே அதனைத் தேடினர். மண்குடத்தின் நுண்டுளைகளாற் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுசெல்கின்றது; சோளகக் காற்று வீசும் திண்ணையிலே குடத்தை வைத்த பாட்டிக்கு இவ்விதியின் பெயர் தெரியாதெனினும் அதன் பயன் தெரியும். பனைமரம் நுங்கையும் கருப்பநீரையுந் தந்தது. திருவிழாக் காலங்களில் தண்ணீர்ப்பந்தல்கள் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கின.

இவற்றினும் ஆராய்ச்சிக்குரியது கடற்பாசி. நம் கடல்நீரேரிகளில் விளையும் கிராசிலேரியா என்னும் பாசியினம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்களில் ‘இலங்கைப் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் பெயர்பெற்றது. உலர்த்தி வெளுத்த பாசியைக் காய்ச்சி வடித்து, சீனியும் பாலுஞ் சேர்த்து ஆறவைத்தால், அது பனிக்கட்டியின் துணையின்றியே உறைந்துவிடும். விலங்கெலும்பிலிருந்து எடுக்கும் செலற்றின் நம் கோடையில் இளகிப்போகும். பாசிக்களியோ 40 பாகைக்குச் சற்றுக் கீழே வந்ததும் உறையும். உறைந்தபின் 85 பாகையளவு சூடேறினாலன்றி இளகாது. வெப்பநாட்டிற்கென்றே இயற்கை அமைத்த இனிப்பு இது எனலாம். குளிர்களி என்னும் பெயர் வருவதற்கு முன்னரே களி இங்கிருந்தது, குளிர்தான் இல்லை.

1905 இற் புகையிரதப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. பல நாட் பயணம் ஒருநாட் பயணமாயிற்று. பின்னர் மின்சாரமும் பனிக்கட்டி ஆலைகளும் குடாநாட்டிலேயே தோன்றின. மீனைக் காப்பதற்கென ஆக்கிய பனிக்கட்டியே இனிப்புக்கும் பயன்பட்டது. பனிக்கட்டி கைக்கெட்டியதும், உப்பு ஏலவே இருந்தமையால், வீட்டிற் குளிர்களி ஆக்குதல் இயல்வதாயிற்று.

அம்முறையைச் சுருங்கக் கூறுவாம். 1843 இல் நான்சி யோன்சன் என்னும் அமெரிக்க மாது உரிமம் பெற்ற கைச்சுழற்றி வாளியே இதற்கு அடிப்படை. மரவாளியொன்றின் நடுவே பாலேடும் சீனியும் பழச்சாறும் கொண்ட தகரக் குவளை நிற்கும். இடைவெளியில் நொறுக்கிய பனிக்கட்டியும் கல்லுப்பும் அடுக்கடுக்காக இடப்படும். கைபிடியைச் சுழற்றச் சுழற்ற, உள்ளிருக்கும் துடுப்பு குவளையின் ஓரத்தில் உறைவதைச் சுரண்டி நடுவே சேர்க்கும். இடைவிடாது கிளறுதலாற் பனித்துகள்கள் பெருக்காமல் நுண்மையாகும். காற்றுங் கலந்து களி மென்மையுறும். வாளியில்லாதார் அகன்ற பாத்திரத்தில் உப்புப் பனிக்கட்டியை இட்டு, அதனுள் மூடியுள்ள சிறு பாத்திரத்தைப் புதைத்துச் சுழற்றி, இடையிடையே திறந்து அகப்பையாற் கிளறலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சாற்றைச் சேர்ப்பின் அதன் சுவைக்கு ஈடில்லை. உப்பு நீர் ஒரு துளியேனும் உள்ளே புகாவண்ணங் காத்தல் ஒன்றே இதிற் பெருங் கவனம். பிள்ளைகள் முறைவைத்துச் சுழற்றும் இவ்வேலையில் வீடு முழுவதும் பங்குகொள்ளும் என்பதும் கருதத்தக்கது.

மின்சாரக் குளிர்ப்பெட்டி பரவியபின் இவ்வுழைப்புக் குறைந்தது. ஐஸ்பழ வண்டியின் மணியோசை ஒழுங்கைகளிற் கேட்டது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில், கும்பிட்டு வருவோர் குளிர்களிக் கடைகளை நாடுதல் ஒரு வழக்காகவே வேரூன்றியது. ஒரு தலைமுறைக்கு முன் அதிகாரிகளின் மேசையில் இருந்த பொருள், வீதிப் புழுதியில் நிற்கும் சிறுவன் கைக்கு வந்தது.

இவ்வளர்ச்சி நேர்கோடாய்ச் செல்லவில்லை. 1990 இற் போர் மீண்டும் மூண்டபோது, குடாநாட்டிற்கு வந்த மின்சாரம் அற்றது, புகையிரதம் நின்றது, எரிபொருள் முதலாய பொருள்கள் தடைக்குள்ளாயின. சிறு போத்தலில் எண்ணெய் விட்டுத் திரியிட்டு அவ்வொளியிற் படித்த மாணவர் தலைமுறையொன்று தோன்றியது. குளிர்ப்பெட்டிகள் பல வீடுகளில் அலுமாரிகளாயின. ஆனையிறவில் உப்பு விளைவும் அதே ஆண்டில் நின்றது. நூற்றாண்டுகளாகப் பனிக்கட்டி இல்லாமல் உப்பு மட்டும் இருந்த நிலம், அப்பொழுது இரண்டும் இன்றி நின்றது. மக்கள் மீண்டும் மண்குடத்தையும் நுங்கையும் நாடினர். அவை அவர்களைக் கைவிடவில்லை.

2002 இற் கண்டி வீதி திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. 2009 இற் போர் முடிந்தபின் குடாநாடு நாட்டின் பொது மின்வலையோடு இணைந்தது. 2014 இற் புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஆனையிறவில் உப்பு மீண்டும் விளைகின்றது. குளிர்களிக் கடைகளிற் கூட்டமும் குறைவின்றியுள்ளது.

இவற்றால் நாம் துணிவது யாதெனின், குளிர்களி பிந்தி வந்தமைக்குக் காரணம் நம்மவரின் அறியாமையுமன்று, பழமைப் பற்றுமன்று. பாலும் பழமும் உப்பும் இருந்தன. களியை உறையவைக்கும் அறிவும் இருந்தது. இல்லாதது பாதை. பாதை திறந்தபோது குளிர் வந்தது. அடைபட்டபோது குளிர் போயிற்று. ஒரு கிண்ணம் குளிர்களியின் பின்னே புகையிரதத் தண்டவாளமும் மின்கம்பியும் அமைதியும் நிற்கின்றன என்பதை உணர்வோர்க்கு அதன் இனிமை குறையாது, மிகும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தோரிடம், தாம் முதன்முதலிற் பனிக்கட்டியைக் கையிலெடுத்த நாளைப் பற்றியும், அது கிடையாதுபோன ஆண்டுகளின் கோடையைப் பற்றியுங் கேட்டு எழுதிவையுங்கள். ஏட்டில் ஏறாத வரலாறு நினைவில் மட்டுமே உளது. நினைவும் பனிக்கட்டியைப் போன்றதே. பொதிந்து வைப்பாரின்றேல் உருகிப்போம்.