அயலார் கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள்

எனக்கு ஒரு நண்பர் உண்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற வருஷம் மகனைப் பார்க்க மனைவியோடு கடல் கடந்து போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். போன இடத்தில் ஒரு கோயில் எழும்பிக்கொண்டிருந்ததாம். சனி, ஞாயிறுகளில் இவர் அங்கே போய்ச் செதுக்கிய கற்களைத் துடைத்து அடுக்குவார். அந்த அம்மாள் வேலை செய்பவர்களுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுப்பார். ஊர் திரும்பியதும் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "ஏன் ஸார், அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நம் ஊர்க் கோயிலில் ஒரு நாளாவது துடைப்பத்தைத் தொட்டிருப்பேனா? அங்கே போய்த்தான் செய்யத் தோன்றிற்று."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார்: "இங்கே செய்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அங்கே நம்மை யாருக்குத் தெரியும்?"

அப்பர் பெருமான் முதுமையில் உழவாரப்படையும் கையுமாக ஊர் ஊராய்ப் போய்ப் புல் செதுக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயில் வேலை புண்ணியம் என்பது நம் ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆனால் புண்ணியம் தேட அல்ல, பட்ட கடனில் ஒரு காசாவது தீர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு, தாங்கள் இடித்த ஊர்களிலேயே போய்க் கோயில் கட்டியவர்களும் உலகத்தில் உண்டு. நண்பர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அவர்கள் ஞாபகந்தான் வந்தது.

அந்தக் கதை ஜெர்மனியில் ஒரு நீதிபதியிடம் தொடங்குகிறது. லோதர் கிரைஸிக் என்று பெயர். 1898-ல் பிறந்தவர். பிராண்டன்பர்க் நகரத்து நீதிமன்றத்தில், சித்தப் பிரமை கொண்டவர்களுக்கும் மூளை வளர்ச்சி இல்லாதவர்களுக்கும் சட்டப்படி பாதுகாவல் செய்வது அவருடைய அலுவல். 1940-ம் வருஷம் அவருடைய மேஜைக்கு மரணச் செய்திகளாக வரத் தொடங்கின. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இருவர், எல்லாரும் அவர் பாதுகாவலில் இருந்தவர்கள். திடீரென்று இத்தனை பேருக்குச் சாவு வருமா? நடப்பது கொலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஹிட்லரின் அரசாங்கம் நோயாளிகளை ரகசியமாக விஷவாயுவால் கொன்றுகொண்டிருந்தது. 1941 ஆகஸ்டுக்குள் அப்படி மாண்டவர்கள் சுமார் 70,000 பேர்.

கிரைஸிக் நீதித்துறை மந்திரிக்குக் கடிதம் எழுதினார். என் சம்மதம் இல்லாமல் என் பாதுகாவலில் உள்ள ஒருவரையும் இடம் மாற்றக் கூடாது என்று மருத்துவ விடுதிகளுக்கு உத்தரவு போட்டார். அத்தோடு நிற்கவில்லை. ஹிட்லரின் சொந்த அலுவலகத் தலைவர் மீதே கொலைக் குற்றம் சாட்டிப் புகார் கொடுத்தார். மந்திரி அவரை அழைத்து, இது தலைவரின் சித்தம், அதைச் சட்டமாக ஏற்க முடியாதவர் நீதிபதியாக இருக்க முடியாது என்று தெரிவித்தார். ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார் கிரைஸிக். முதலில் விடுப்பு, பிறகு 1942-ல் கட்டாய ஓய்வு. தண்டனை அவ்வளவோடு நின்றது ஆச்சரியந்தான்.

மனைவி யோஹான்னாவோடு தம் பண்ணைக்குப் போய் மாடும் வயலுமாக உட்கார்ந்தார். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், அந்தத் தம்பதி ஒரு யூதப் பெண்மணியைத் தங்கள் பண்ணையில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் யுத்தம் முடிந்ததும் என்ன சொல்லியிருக்கலாம்? "என் கை சுத்தம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லாரையும்விட அவருக்கு உரிமை இருந்தது. அவர் சொல்லவில்லை. 1958 ஏப்ரல் 30-ம் தேதி பெர்லினில் கூடிய புராட்டஸ்டண்ட் திருச்சபைப் பேரவையில் எழுந்து நின்று ஒரு வேண்டுகோளைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 59.

யுத்தத்தைத் தொடங்கியவர்கள் நாம், லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றவர்கள் நாம், பிழைத்திருப்பவர்களில் இதை விரும்பாதவர்கள்கூடத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்பது அதன் சாரம். நம்மிடம் கொடுமைப்பட்ட நாடுகளுக்குப் போய், நம் கையாலும் நம் பொருளாலும் ஏதாவது நல்லது செய்ய - ஒரு குடியிருப்போ, ஒரு மாதா கோயிலோ, ஓர் ஆஸ்பத்திரியோ கட்ட - அந்த ஜனங்கள் நம்மை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

'அனுமதிக்க வேண்டும்' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று வருகிறவன் உயரத்தில் நிற்கிறான். அனுமதி கேட்கிறவன் வாசற்படியில் நிற்கிறான். தாம் தொடங்கிய இயக்கத்துக்கு அவர் வைத்த பெயரும் அப்படித்தான்: பிராயச்சித்தத்தின் அடையாளம். பிராயச்சித்தம் என்றுகூட அல்ல, அடையாளம் மாத்திரமே! முழுக் கடனையும் எந்தக் கொத்தனாராலும் கட்டித் தீர்க்க முடியாது என்று அந்த நீதிபதிக்குத் தெரிந்திருந்தது.

1959-ல் முதல் குழுக்கள் ஹாலந்துக்கும் நார்வேக்கும் கிளம்பின. நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்ற பிரதேசம். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் சேனை, ரஷ்யர்களுக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று அங்கே வீடுகளையெல்லாம் கொளுத்திவிட்டுப் போயிற்று. குளிர்காலம் நெருங்குகிற நேரம்! அந்தப் பிரதேசத்தில் கோகெல்வ் என்ற சிற்றூரில் 1960-ல் ஜெர்மன் தொண்டர்கள் ஒரு கோயில் கட்டிக் கொடுத்தார்கள். கதவைத் தட்டிக் கொளுத்திய அதே பாஷையை, இப்போது சுத்தியல் ஓசைக்கு நடுவே அந்த ஊர்க் கிழவிகள் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்? நாவல் எழுதுகிறவனுக்கு அதை விட்டுவிட்டு மேலே போவது கஷ்டமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் கவென்ட்ரி. 1940 நவம்பர் 14 இரவு முழுவதும் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். பழைய தேவாலயம் எரிந்து, சுவர்கள் மாத்திரம் மிஞ்சின. எரிந்து விழுந்த உத்தரக் கட்டைகள் இரண்டைக் குறுக்கே கட்டிச் சிலுவையாக நிறுத்தினார் அங்கே வேலை பார்த்த கல்தச்சர் ஒருவர். பின்னால் அந்தச் சுவரில், மன்னிக்கும்படி தந்தையை வேண்டும் சொற்களை மட்டும் பொறித்தார்கள். யாரை மன்னிக்க என்று பொறிக்கவில்லை. 1961-ல் 16 ஜெர்மன் இளைஞர்கள் அந்தப் பாழடைந்த பகுதிக்கு வந்து, இடிந்து கிடந்த அறைகளைச் சீர்படுத்தி, சர்வதேச மையம் ஒன்றாகக் கட்டினார்கள். பக்கத்திலேயே எழுந்துகொண்டிருந்த புதிய தேவாலயம் 1962 மே 25-ல் பிரதிஷ்டை ஆயிற்று.

கடன் ஒரு பக்கமாகவே இருந்ததா? இல்லை. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன் நகரத்தைச் சாம்பலாக்கின. அங்கே மாண்டவர்கள் 25,000 பேர் வரை இருக்கும் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு. 1965-ல் கவென்ட்ரியின் ஏற்பாட்டில் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், இடிந்த ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்ட உதவினார்கள். அதே நகரத்தின் ஃப்ராவன்கிர்ஷ என்ற பெரிய கோயில் அறுபது வருஷம் கழித்து, 2005-ல்தான் மறுபடி திறந்தது. அதன் உச்சியில் உள்ள பொற்சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற லண்டன் பொற்கொல்லர். அவருடைய தகப்பனார் டிரெஸ்டன் மீது குண்டு போடப் போன விமானிகளில் ஒருவர்!

பிரான்ஸில் தெஸே என்ற கிராமத்தின் கதை எல்லாவற்றிலும் விசேஷமானது. 1940-ல் ரோஜர் என்ற ஸ்விட்ஜர்லாந்துக்காரர் அங்கே குடியேறி, நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். யுத்தம் முடிந்த பிறகு, பக்கத்து முகாமில் இருந்த ஜெர்மன் கைதிகளுக்கும் சோறு போட்டார். அவரைச் சுற்றி ஒரு துறவியர் குழு வளர்ந்தது. அந்தத் துறவியருக்குக் கிரைஸிக்கின் தொண்டர்கள் ஒரு பெரிய கோயிலைக் கட்டிக் கொடுத்தார்கள். 'சமரசக் கோயில்' என்று பெயர். 1962 ஆகஸ்டில் திறந்தார்கள். வருகிற கூட்டம் பெருகிப் பெருகி, 1971-ல் அதன் முன்சுவரையே இடித்து இடம் விட வேண்டியதாயிற்று. 2005 ஆகஸ்டு 16-ம் தேதி மாலைப் பிரார்த்தனையில், அதே கோயிலில், சித்தம் கலங்கிய ஒரு பெண் 90 வயது ரோஜரைக் கத்தியால் குத்திக் கொன்றாள். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் அலோய்ஸ் என்ற துறவி. பிறப்பால் அவர் ஜெர்மானியர். ஜெர்மன் இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கல் சுமந்த இடத்தில், ஒரு ஜெர்மானியர் தலைவராக அமர்ந்ததை ஒருவரும் விபரீதமாக நினைக்கவில்லை. அடையாளம் பலித்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் என் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. அந்த நாளில் கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஊர்கள் எரிந்தபோது தொட்டிலில் கிடந்தவர்கள். எரித்தவர்கள் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு ஊதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பன் பட்ட கடனுக்குப் பிள்ளை மண்வெட்டி எடுத்தான். இது நியாயமா?

நியாயம் இல்லைதான். ஆனால் 59 வயதில் எழுந்து நின்று, தாம் செய்யாத குற்றத்தை 'நாம்' என்று ஒப்புக்கொண்டாரே கிரைஸிக், அவர் மாத்திரம் அந்தத் தலைமுறையில் முதலில் கல்லைத் தூக்கியவர். அவர் வாழ்ந்தது கிழக்கு ஜெர்மனியில். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும், மேல்நாடுகளுக்குக் குழு அனுப்பும் வேலை மேற்கே இருந்தவர்கள் கைக்குப் போய்விட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. வெளியே போக முடியாவிட்டால் உள்ளே இடிந்தது இல்லையா? 1962-ல் அவருடைய இளைஞர்கள் மாக்டபர்க் நகரத்துக் கோயில்களின் இடிபாடுகளை அள்ளத் தொடங்கினார்கள். 1986-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிய இயக்கம் இன்றும் நடக்கிறது. கோடை முகாம்களில் இப்போது நரைத்த தலைகளும் சேர்ந்து யூதர்களின் பழைய மயானங்களில் புல் செதுக்குகின்றன. நம் அப்பர் செய்த அதே வேலை!

இவ்வளவையும் ஒரு மாலை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. "நான் துடைத்த கல் யாரும் இடித்ததில்லையே, அதனால் லேசாக இருந்ததோ என்னவோ" என்றார் கடைசியில்.

அந்த அம்மாள் கேட்டது வேறு.

"பண்ணையில் ஒருத்தியை ஒளித்து வைத்திருந்தார் என்றீர்களே, அவளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டு, வாசலில் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது யாராம்? நீதிபதியா?"

எனக்குச் சுருக்கென்றது. 2016-ல் இஸ்ரேலின் யாத் வாஷேம் நிலையம், யூதர்களைக் காத்த நீதிமான்களின் பட்டியலில் லோதர் கிரைஸிக்கைச் சேர்த்தபோது யோஹான்னாவின் பெயரையும் சேர்த்தே எழுதியது என்று சொன்னேன்.

"அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் காப்பி கொண்டு வர உள்ளே போனார்.