ஆதிரையின் தலைவன்

நமது பஞ்சாங்கங்களைப் புரட்டுவோர் மார்கழித் திருவாதிரைக்கு எதிரே ஆருத்திரா தரிசனம் எனக் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அதே பஞ்சாங்கத்தின் முகூர்த்தப் பகுதியிலோ ஆதிரை விலக்கத்தக்க நாள்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். அன்று கொடுத்த பொருள் திரும்பாது, பயணம் புறப்பட்டவர் மீளார், நோயிற் படுத்தவர் தேறார் என்று எச்சரிக்கும் பழைய செய்யுளொன்றும் சோதிடர் வாயில் வழங்குகின்றது. அது தொகுத்துரைக்கும் தீய நாள்களின் வரிசையில் ஆதிரையே முதலாவது. கோயிலில் விழாவாகவும் சோதிடத்தில் அச்சத்துக்குரியதாகவும் ஒரே நாள் அமைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண, அந்நாண்மீனுக்கு உரிய அதிதேவதையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

நாண்மீன்களுக்குத் தெய்வங்களை உரிமையாக்கும் வழக்கு மிகப் பழையது. தைத்திரீய சங்கிதையிலும் தைத்திரீயப் பிராமணத்திலும் இப்பட்டியல் காணப்படுகின்றது. வேதாங்க சோதிடமும் இதனைத் தொகுத்துரைக்கும். அச்சுவினியை முதலாகக் கொள்ளும் இன்றைய வரிசை பிற்காலத்தது. பழைய பட்டியல்கள் கார்த்திகையிலேயே தொடங்குகின்றன. கார்த்திகைக்கு அக்கினி, உரோகிணிக்குப் பிரசாபதி, மிருகசீரிடத்துக்குச் சோமன், ஆதிரைக்கு உருத்திரன், புனர்பூசத்துக்கு அதிதி எனச் சென்று, பரணிக்கு யமன் என அது முடிவடையும். இவ்வரிசையில் இடம்பெறுவோர் பெரும்பாலும் வேள்வித் தெய்வங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. கோயில் என்னும் நிறுவனம் தோன்றுமுன் இப்பட்டியல் உருவாகிவிட்டது.

அக்காலத்து உருத்திரன் அன்புடன் அணுகத்தக்க தெய்வம் அல்லன். ஐதரேயப் பிராமணம் கூறும் கதை இதனை நன்கு புலப்படுத்தும். பிரசாபதி மானுருக் கொண்டு தன் மகளையே விரும்பிப் பின்தொடர்ந்தான். அதனைக் கண்ட தேவர்கள், அவனைத் தண்டிக்க வல்லார் தம்முள் ஒருவரும் இல்லாமையால், தத்தம் கொடிய உருவங்களையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்தனர். அவ்வாறு தோன்றிய ஒருவன் பிரசாபதியை அம்பினால் எய்தான். எய்யப்பட்ட மான் மிருகசீரிடமாயிற்று, மகள் உரோகிணியானாள், எய்தவன் மிருகவியாதன் என்னும் மீனானான், மூன்று கணுவுடைய அம்பும் மூன்று மீன்களாக வானில் நின்றது. இக்கதையில் உருத்திரன் பெயர் வெளிப்படச் சொல்லப்படுவதில்லை. சொல்ல அஞ்சி 'இந்தத் தேவன்' எனச் சுட்டுவதோடு நூல் அமைகின்றது. இக்கதை நிகழும் வான்பகுதியிலேயே, மானுக்கு அணித்தாக, ஆதிரை நிற்கின்றது. தைத்திரீயப் பிராமணம் அதனை உருத்திரனின் கைகள் என்று கூறி, வேட்டுவரோடு தொடர்புபடுத்தும். ஆதிரை செந்நிற மீன். சதருத்திரீயம் போற்றும் உருத்திரனும் செம்மேனியன். இவ்விரு செம்மைக்கும் தொடர்பு உண்டெனக் கூறத் தோன்றினும் அது நமது ஊகமேயன்றி நூல்களின் கூற்று அன்று.

சோதிட மரபு இந்த அச்சத்தை அப்படியே காத்துக்கொண்டது. முகூர்த்த நூல்கள் ஆதிரையைக் கேட்டை, மூலம், ஆயிலியம் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடிய நாள்களின் வகுப்பில் வைக்கும். ஆகவே, பயணத்தை விலக்கும் பழஞ்செய்யுள் வெறுங் கிராமிய நம்பிக்கையன்று. ஐதரேயம் பெயர் சொல்ல அஞ்சிய அதே தெய்வத்தின் நிழல் அதிற் படிந்துள்ளது.

தமிழிலக்கியத்திற் கிடைக்கும் சான்றுகள் வேறொரு போக்கினைக் காட்டுகின்றன. பரிபாடலின் எட்டாம் பாடல் ஆதித்தர், அச்சுவினியர், வசுக்கள், உருத்திரர் எனத் தேவர் கூட்டத்தை எண்ணுமிடத்தில் சிவனை 'ஆதிரை முதல்வன்' என்று குறிக்கின்றது. வேத மரபின் கணக்கினுள்ளே இத்தொடர் வருவதால், பட்டியலை அறிந்த புலவரே இதனை ஆண்டார் எனத் துணியலாம். ஆதிரை என்ற பெயரும் 'ஆர்த்திரா' என்ற வடசொல்லின் திரிபே. ஆயின் கலித்தொகையின் நெய்தற் பாடலொன்றில், வேறு விளக்கம் எதுவுமின்றி, 'ஆதிரையான்' எனச் சிவன் சுட்டப்படுகின்றான். காதற்பாட்டொன்றில் உவமை கூறுமிடத்து இப்பெயர் இயல்பாக வந்துள்ளமையின், கேட்போர் அனைவரும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். பரிபாடலின் பதினோராம் பாடலோ மார்கழி ஆதிரையில் அந்தணர் விழாத் தொடங்குதலையும் கன்னியர் வையையில் நீராடுதலையும் விரித்துரைக்கின்றது. அங்கு அச்சத்தின் சாயலே இல்லை.

ஏனைய நாண்மீன்களின் தலைவர் யாது ஆயினர் என்று நோக்கினாலன்றி இம்மாற்றத்தின் சிறப்புப் புலனாகாது. சம்பந்தர் மயிலாப்பூரிற் பாடிய பூம்பாவைப் பதிகம் இதற்குச் சிறந்த சான்று. ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம், பங்குனி உத்திரம் என ஏழாம் நூற்றாண்டுச் சிவாலயமொன்றின் விழாநாள்கள் அதில் வரிசையாக வருகின்றன. பழைய பட்டியலின்படி ஓணம் விட்டுணுவுக்கும், கார்த்திகை அக்கினிக்கும், பூசம் பிரகற்பதிக்கும் உரியன. உத்திரத்துக்குரியவன் பகனோ அரியமனோ என்பதிற் பட்டியல்களே மாறுபடும். இவ்வைந்தனுள் பட்டியலின்படி சிவனுக்கு உரியது ஆதிரை ஒன்றே. எனினும் ஐந்தும் சிவவிழாக்களாயின. விட்டுணுவின் நாள்கூட விதிவிலக்காகவில்லை. சோழர் காலத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. முதலாம் இராசராசன் பிறந்த சதய நாள் தஞ்சைப் பெருங்கோயிலில் விழாவாயிற்று. சதயத்தின் தலைவனாகிய வருணனுக்கு அதிற் பங்கில்லை. நம் நாட்டில், மாதோட்டத்து இராசராச ஈச்சரத்தை எடுப்பித்த தாழிகுமரன் வைகாசி விசாகத்தையொட்டி அங்கு விழா நிகழ நிவந்தம் அளித்தான். விசாகம் இந்திரனும் அக்கினியும் கூடி ஆளும் நாள் என்பது அவன் நினைவில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

கார்த்திகையின் வரலாறு சற்றுச் சிக்கலானது. தனிக் கட்டுரைக்கு உரியதுங்கூட. ஈண்டு ஒன்று மட்டும் கூறலாம். அங்கு பழைய தலைவன் துரத்தப்படவில்லை. முருகனின் பிறப்புக் கதையினுள் ஈர்க்கப்பட்டான். பரிபாடலின் ஐந்தாம் பாடலில், சிவனது கருவை ஏற்ற முனிவர் அதனை வேள்வித் தீயிலிட, அத்தீயின்வழியே கார்த்திகை மகளிர் அறுவர் அதனைப் பெறுகின்றனர். அகநானூறு கூறும் விளக்கீட்டு விழாவிலும் பெயர் இன்றித் தீ மட்டும் நிற்கின்றது.

ஆக, இருபத்தேழு நாண்மீன்களுள் பழைய தலைவனின் பெயரோடு தமிழகத்திற் பெருவிழாவாக நிலைத்தவை ஆதிரையும் ஓணமுமே எனலாம். ஓணம் மாயோனுக்குரிய நன்னாளாக மதுரையிற் கொண்டாடப்பட்டதை மதுரைக்காஞ்சி கூறும். விண்மீனின் சிறப்பால் இவ்விரு தெய்வங்களும் உயர்ந்தன எனச் சிலர் எண்ணலாம். அவ்வாறாயின் மகமும் சோதியும் தத்தம் தலைவராகிய பிதிரரையும் வாயுவையும் ஏன் உயர்த்தவில்லை? உண்மை மறுதலையானது என்பதே எமது கருத்து. வேள்விக்காலத்திற் பலருள் இருவராக இருந்த உருத்திரனும் விட்டுணுவும் கோயிற்காலத்திற் பெருந்தெய்வங்களாயினர். அவர்தம் வளர்ச்சியே அவ்விரு நாள்களின் பழைய உரிமையை மறவாது காத்தது. பிறவா யாக்கையன் எனப் போற்றப்படும் சிவனுக்கு ஒரு நட்சத்திரம் உரியதாவது எங்ஙனம் என்ற தடைக்கும் இதுவே விடையாகும். ஆதிரை அவன் பிறந்த நாளன்று. அவன் ஆளும் நாள்.

அப்பர் திருவாரூர் ஆதிரை விழாவின் பொலிவைத் தனிப் பதிகமாகவே பாடினார். முதலாம் இராசேந்திரன் பிறந்த நாளும் ஆதிரையே. அது மார்கழி ஆதிரை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆடித் திருவாதிரை என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டொன்று தெளிவாக்கியது. ஈழம் முழுவதையும் சோழராட்சிக்குள் கொணர்ந்த அம்மன்னனுக்கு இக்கடுமையான நாண்மீன் குறையாகத் தோன்றியதாகச் சான்றில்லை.

பரிபாடல் கூறும் மார்கழி நீராடல் மணிவாசகரின் திருவெம்பாவையிற் புதுவடிவம் பெற்றது. யாழ்ப்பாணத்தில் இன்றும் திருவெம்பாவைப் பூசை பத்து நாள்கள் விடியற்காலையில் நிகழ்ந்து ஆதிரையன்று நிறைவுறுகின்றது. காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தின் மார்கழிப் பெருவிழாவுக்கும் அந்நாளே முடிவு. பனியிற் சங்கொலி கேட்டு எழுந்து, ஆடவல்லானைத் தரிசித்து, களியுண்டு மகிழும் அடியவர், மறுமாதத்து ஆதிரையிற் பயணம் ஒன்று குறுக்கிட்டால் சோதிடரைக் கேட்டு அதனை மறுநாளைக்கு ஒத்திவைப்பர்.