விசையை அழுத்தியவருக்கு 'ஆசிரியர்' என்று பெயர்

ஸ்டேன்லி மில்கிராம் என்ற பெயரை ஆசிரியர் பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அங்கேதான் அறிமுகம். "65 விழுக்காட்டினர் கீழ்ப்படிந்தனர்" என்று உளவியல் பாடத்தில் ஒரே ஒரு வரி. குறித்துக்கொண்டோம், தேர்வில் எழுதினோம், முடிஞ்சது. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடிப் படித்தது பல வருசம் கழித்துத்தான். படித்தபோது முதலில் உறுத்தியது ஒரு சொல். சோதனையில் விசையை அழுத்தியவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆசிரியர்'.

1961 ஆகஸ்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகம். அதே ஆண்டில்தான் ஜெருசலத்தில் ஐக்மன் விசாரணை. யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றிய அந்த நாஜி அதிகாரி, மேலிடத்து உத்தரவை நிறைவேற்றியதாகவே வாதாடினார். யூதக் குடும்பத்தில் பிறந்த மில்கிராம், சாதாரண மனிதர்கள் எதுவரைக்கும் உத்தரவுக்குப் பணிவார்கள் என்று அளந்து பார்க்க நினைத்தார்.

ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். சம்பளம் 4 டாலர், போக்குவரத்துக்கு 50 காசு. சீட்டுக் குலுக்கியதில் வந்தவர் 'ஆசிரியர்' ஆனார், இன்னொருவர் 'மாணவர்'. குலுக்கல் வெறும் நாடகம். 'மாணவர்' ஆய்வாளரின் ஆள். அவரைப் பக்கத்து அறை நாற்காலியில் கட்டிவைத்தார்கள். பதில் தப்பானால் ஆசிரியர் மின்னதிர்ச்சி கொடுக்கணும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 விசைகள். அதிர்ச்சி பொய், ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது. 300 வோல்ட்டில் மாணவர் சுவரை அடிப்பார். கொஞ்ச நேரத்தில் சத்தமே இருக்காது.

முதல் 40 ஆண்களில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், சிலர் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். திரும்பித் திரும்பி, பின்னால் சாம்பல் நிற அங்கியோடு நின்றவரைப் பார்த்தார்கள். அவர் குரல் உயர்த்தாமல் தொடரச் சொன்னார். இதையும் சொல்லணும்: அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றவர் உண்மையில் ஓர் இடைநிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியர்!

மீதி 14 பேரைப் பற்றி நம் பாடக்குறிப்பில் ஒன்றும் இல்லை. சுவரை அடிக்கும் சத்தம் கேட்ட 300 வோல்ட்டில் 5 பேர் நிறுத்தினார்கள், 315-ல் 4 பேர், மற்றவர்கள் அதற்கு மேலே. மில்கிராம் சோதனையைப் பலவிதமாக மாற்றியும் பார்த்தார். உத்தரவு போடுகிறவர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது, கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இன்னொரு வடிவத்தில் மூன்று 'ஆசிரியர்கள்' சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் இரண்டு பேர் நடிகர்கள். அவர்கள் நடுவில் ஒருவர்பின் ஒருவராக "முடியாது" என்று எழுந்துபோனார்கள். அப்போது 40 பேரில் கடைசிவரை போனது 4 பேர் மட்டுமே. அதே பெட்டி, அதே உத்தரவு! 65 விழுக்காட்டை மனப்பாடம் செய்த எனக்கு இந்தப் பத்து விழுக்காட்டை யாரும் சொல்லித் தரவில்லை.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் மில்கிராமையும் விடவில்லை. அங்கிக்காரர் வசனத்தைத் தாண்டி வற்புறுத்தினார், சிலருக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்று பதிவுகளைக் கேட்டவர்கள் எழுதினார்கள். ஜெரி பர்கர் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் சோதனை ஒன்றை நடத்தி 2009-ல் வெளியிட்டார். அதில் "உங்களுக்கு வேறு வழியில்லை" என்ற கடுமையான கட்டளைவரை போனவர்களில் ஒருவர்கூட அதற்குப்பின் தொடரவில்லை. அதட்டலைவிட "ஆய்வுக்கு இது தேவை" என்ற மென்மையான பேச்சுதான் ஆளைப் பிடித்துவைத்திருக்கிறது.

மில்கிராம் ஒரு காலத்தில் சாலமன் ஆஷின் உதவியாளர். 1950களில் ஆஷ் செய்தது இன்னும் எளிமையானது: கோடுகளைக் காட்டி, எது சம நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்கூட்டியே பேசிவைத்த கூட்டம் ஒரே குரலில் தப்பாகச் சொன்னபோது, தனியாள் மூன்றில் ஒரு தடவைக்கும் மேல் அந்தத் தப்பையே சொன்னார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும். அந்தத் தவறு கால்பங்காகச் சுருங்கியது.

இதைப் படித்தபோது ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். தேறக்கூடியவர்களுக்கு மட்டும் கூடுதல் வகுப்பு, மற்றவர்களை விட்டுவிடலாம் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. "அப்ப அந்தப் பிள்ளைங்கள என்ன செய்யறது?" என்று ஓர் ஆசிரியை மட்டும் எழுந்து கேட்டார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து, ஏற்கெனவே எழுதியிருந்த தேதியின்கீழ் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஷின் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டியவர் செர்ஜ் மொஸ்கோவிச்சி. ருமேனியாவில் பிறந்தவர், 1938-ல் யூதன் என்பதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர், பிறகு பிரான்சுக்குப் போனார். பலர் சேர்ந்து ஒருவரை மாற்றுவது சரி, சிலர் பலரை மாற்ற முடியாதா என்று கேட்டார். 1969-ல் வெளியான சோதனையில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நீலப் படங்களைக் காட்டினார்கள். உள்ளே இருந்த இரண்டு ஆட்கள் எல்லாவற்றையும் பச்சை என்றார்கள். மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சை என்று வந்தது. அந்த இருவரும் சிலசமயம் பச்சை, சிலசமயம் நீலம் என்று மாற்றிச் சொன்னபோது 1.25 விழுக்காடுதான். எண் சின்னதுதான், ஆஷின் கூட்டத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் பிறகு ஒவ்வொருவரையும் தனியாக வைத்து நிறம் பார்க்கச் சொன்னபோது, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள நிறங்களைப் பச்சை என்று சொல்வது கூடியிருந்தது. குழுவில் வாய்திறந்து ஒரு தடவைகூடப் பச்சை என்று சொல்லாதவர்களிடம் அந்த மாற்றம் இன்னும் அதிகம்.

அந்த ஆசிரியை அடுத்த ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை நானும் கை தூக்கினேன். முடிவு மாறவில்லை. கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் இன்னும் இரண்டு பேர் எங்களிடம் வந்து, "நாங்களும் அதான் நினைச்சோம் டீச்சர்" என்றார்கள்.