உருவாரமும் முகமூடியும்

உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் உள்ளது. தைப்பொங்கலை ஒட்டிய அதன் திருவிழாவில் கொங்கு நாட்டு உழவர் கறந்த பாலோடு மண்ணாற் செய்த மாட்டுருவங்களையும் கொண்டுவந்து வைப்பர். இவற்றிற்கு 'உருவாரம்' என்று பெயர். உருவாரம் வணங்கப்படும் தெய்வமன்று. கால்நடை நோயின்றிப் பெருகவேண்டும் என்னும் வேண்டுதலின் வடிவமேயாகும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் விலங்கு முகமூடிகளுள் இதனோடு ஒப்பிடத்தக்கது, மாலி நாட்டுப் பம்பாரா மக்களின் 'சி வாரா' ஆகும். மரத்திற் செதுக்கிய மானுருவைக் கூடைத்தொப்பியிற் பொருத்தித் தலையில் அணிந்து, நாராடையால் உடலை மூடி, இருவர் இணையாக ஆடுவர். ஒன்று ஆண்மான், மற்றது குட்டியைச் சுமக்கும் பெண்மான். 'சி' என்பது உழைப்பு. 'வாரா' என்பது காட்டு விலங்கு. மனிதனுக்குப் பயிர்த்தொழிலைக் கற்பித்தது இவ்விலங்கே என்பது அவர்களது தொன்மம். முகமூடியில் மனிதன் விலங்கின் உருவை ஏற்கிறான்; உருவாரத்தில் விலங்கைத் தெய்வத்தின்முன் நிறுத்துகிறான். இரண்டிலும் உழைப்பே வழிபாட்டிற்குள் நுழைகிறது.

இத்தகைய உருவங்களைத் திருச்சபை என் செய்வது? திருமறையில் மோசே கடவுளின் கட்டளைப்படி வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தார். மக்கள் அதற்குத் தூபங்காட்டியபோது எசேக்கியா அதனை உடைத்தெறிந்தார். உருவம் ஒன்றே, உறவே மாறிற்று.

மாலிக்குத் தெற்கேயுள்ள ஐவரி கோஸ்டில், லைபீரியரான வில்லியம் வேடு ஹாரிஸ் 1913-14ஆம் ஆண்டுகளில் நற்செய்தி அறிவித்தார். மக்கள் தம் பழஞ்சமயப் பொருள்களைத் தீயிலிட்டனர். ஏறத்தாழ 1,00,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஹாரிஸ் எரிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை என்பது நோக்கற்பாலது. வெறுமையான கைகளுக்கு உடனே திருமுழுக்கையும் சிலுவையையும் திருமறையையும் அளித்தார். 1924இல் மெதடிஸ்ட் அருட்பணியாளர் வந்தபோது, அம்மக்கள் இன்னும் காத்திருக்கக் கண்டனர்.

நம் நிலை யாது? திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைப்போருள் பலர் உழவுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுட் சிலர் உருவாரத்தை விட்டு நம் சபைக்குள் வந்துள்ளனர். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் பீடத்தின்முன் வைக்கிறோம். தையல் எந்திரத்தின்முன் இரவும் பகலும் குனிந்திருப்போரின் உழைப்பு எவ்வடிவில் அங்கு வந்து சேர்கிறது? விட்டுவிடச் சொன்ன நாம், ஏந்திவர ஒன்றைக் கொடுத்தோமா? ஆயராகப் போகும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.