பம்பாயில் எழுதப்பெற்ற வாயுக் கட்டுரை

வாயுவின் மூலக்கூறுகள் யாவும் ஒரே வேகத்தில் ஓடுவனவல்ல. மெல்லச் செல்வன சில, மிக விரைவன சில, இடைப்பட்டனவே பெரும்பாலன. இவ்வேகப் பரம்பலை 1860 இல் கணித்துரைத்தவர் மக்ஸ்வெல் என்பதை மாணவர் அறிவர். வாயுவியக்கக் கொள்கை அதற்குப் பதினைந்தாண்டு முன்னரே பம்பாயில் விரிவாக எழுதப்பட்டமையைப் பலர் அறியார்.

கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படை மாணவர்க்கு ஆசிரியராயிருந்த வாற்றர்ஸ்ரன், மூலக்கூற்று வேகவர்க்கத்தின் சராசரி தனிவெப்பநிலைக்கு நேர்விகிதமாயும் மூலக்கூற்று நிறைக்கு நேர்மாறுவிகிதமாயும் அமையுமெனக் காட்டி, 1845 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பினார். மதிப்பிட்டவர் அதனை வெறும் பிதற்றலென ஒதுக்கினார். தூரதேசத்து ஆசிரியனின் எழுத்துக்கு அன்று கிடைத்த மதிப்பு அவ்வளவே! கையெழுத்துப்படி சங்கத்திலேயே தங்கிவிட்டது.

1883 இல் வாற்றர்ஸ்ரன் மறைந்தார். 1891 இல் இறேலிப் பிரபு அப்படியைக் கண்டெடுத்து, மறுவாண்டு அச்சேற்றினார். வேகப் பரம்பல் அதிலில்லை என்பது மெய்யே. ஆயினும், அது வெளிவராமையால் இத்துறை பத்துப் பதினைந்தாண்டு பின்தங்கியிருக்கலாமென்பது இறேலியின் கணிப்பு.