நியூட்டும் சேலம், நாமக்கல் சமவெளியின் சிறு இருவாழ்விகளும்

நியூட், சாலமாண்டர் வகையைச் சேர்ந்த வாலுள்ள இருவாழ்வி. சேலம், நாமக்கல் சமவெளியில் இது கிடையாது. வரப்போரம் பளபளத்து ஓடும் அரணையைப் பார்த்து நியூட் என்று நினைத்துவிடக்கூடும். அரணைக்குச் செதிலும் நகமும் உண்டு, அது ஊர்வன. நியூட்டுக்கு இரண்டுமே இல்லை, வெறும் ஈரத்தோல்தான். நாலு காலும் வாலுமாக ஓர் இருவாழ்வியை இங்கே காண வேண்டுமானால், கால் முளைத்துக் கரையேறும் தலைப்பிரட்டையைத்தான் பார்க்க வேண்டும். அந்த வாலும் சில நாளில் உடலோடு கரைந்துவிடும். நியூட்டுக்கோ வால் வாழ்நாள் முழுக்க இருக்கும். அறுந்தால் மறுபடி வளரும், காலும் அப்படியே.

இந்தியாவில் நியூட் வாழ்வது டார்ஜிலிங், சிக்கிம் முதலிய கிழக்கு இமயப் பகுதிகளிலும் வடகிழக்கு மலைகளிலும்தான். 1871இல் ஜான் ஆண்டர்சன் சீனத்தின் யுன்னானிலிருந்து விவரித்த இனமே டார்ஜிலிங்கிலும் உள்ளதாக நெடுங்காலம் கருதப்பட்டது. 2015இல் இமய நியூட் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. பழுப்பு உடல், விலாவில் வரிசையாக மருக்கள். மழைக்காலத்தில் குளத்துக்கு வந்து முட்டையிடும். மற்ற நாட்களில் கல்லடியிலும் சருகடியிலும் ஒதுங்கிக் கிடக்கும். இதற்கென்றே டார்ஜிலிங் அருகே ஜோரேபோக்ரியில் ஒரு சிறு சரணாலயம் இருக்கிறது.

இமயத்திலிருந்து இவை தெற்கே இறங்கவில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடந்தாலும், இடையிலுள்ள வெப்பச் சமவெளியை ஈரத்தோல் உயிர் கடக்க முடியாது. வெயிலில் காயும் இந்த மண்ணில் பிழைக்க வேறு வித்தை வேண்டும். அது தவளைகளிடம் இருக்கிறது.

பந்துபோல் உருண்ட பலூன் தவளை பின்னங்கால் மேடுகளை மண்வெட்டியாக்கி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். கோடை முழுக்க உள்ளேதான். கறையானும் எறும்பும் இதற்கு உணவு. பழமொழியில் தன் வாயால் கெடும் நுணல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது: முதல் மழை இரவில் இது கத்தும் கத்தலில் மறைவிடம் தானே வெளிப்பட்டுவிடும். மண்ணில் புதையும் மற்றொரு தவளையான ஸ்பேரோதீக்காவுக்கும் இதற்கும் 1799இல் பெயரிட்டவர் ஒருவரே, ஜெர்மானியர் யோஹான் ஷ்னைடர்.

மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத மைக்ரோஹைலா தவளை இன்னும் சின்னது. இதன் தலைப்பிரட்டைகள் கண்ணாடிபோல் இருக்கும். குட்டைத் தண்ணீரில் கண்கள் மட்டும் மிதப்பதாகத் தெரியும். குட்டை வற்றுமுன் அவை வாலைத் தொலைத்தாக வேண்டும்.