முரளியின் தோளும் சச்சினின் முழங்கையும் அம்மாவின் வலது கையும்

போன மாதம் விடுதியில் ஒரு சண்டை. எங்க அறையில இருக்கிற நண்பனுக்கு கூடைப்பந்து பைத்தியம். 2019 என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் கெவின் டுரான்ட்டை விளையாட விட்டது சரியா பிழையா என்பதுதான் விவாதம். அந்த வருடம் மே 8ஆம் திகதி அவருக்குக் கெண்டைக்காலில் காயம். ஒரு மாதத்துக்கும் மேலாக ரசிகர்கள் "வருவாரா, வரமாட்டாரா" என்று காத்துக் கிடந்தார்கள். ஜூன் 10ஆம் திகதி ஐந்தாவது ஆட்டத்தில் வந்தார். 12 நிமிடம் ஆடினார், 11 புள்ளி எடுத்தார். பிறகு வலது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்துபோனது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை.

தசைநாண் என்றால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு. நம்ம லயத்துல "நரம்பு பிசகிருச்சு" என்று சொல்வதில் பாதி உண்மையில் இதுதான். இதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் தசை ஆறுகிற வேகத்தில் இது ஆறாது. வலி குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பாரம் ஏற்றினால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரசிகர்களைப் பைத்தியமாக்குவது இந்தக் காயத்தின் இழுபறிதான். எலும்பு முறிந்தால் ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஒரு கணக்குச் சொல்லலாம். தசைநாணுக்கு அப்படி ஒரு திகதி கிடையாது.

அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வட்டவளையும், மாமா சொல்லும் 2004ஆம் ஆண்டும்தான் ஞாபகம் வந்தது.

நான் அப்போது கைக்குழந்தை. மாமாவுக்கு இருபது வயது. எங்கள் லயத்தில் தொலைக்காட்சி இருந்த காம்பரா ஒன்றே ஒன்று. மழை பெய்தால் படம் போய்விடும். வட்டவளையில் எப்போது மழை பெய்யாமல் இருந்திருக்கிறது? இலங்கையிலேயே அதிகம் மழை விழும் ஊர்களில் ஒன்று இது. ஆகவே பாதி மேட்ச் வானொலியில், மீதி அடுத்த நாள் பேப்பரில்.

அந்த வருடம் லயத்துக்கு இரண்டு கவலை. ஒன்று முரளியின் தோள். மற்றது சச்சினின் முழங்கை.

முதலில் முரளி. 2004 மே மாதம் ஹராரேயில் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையைத் தாண்டி, டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிக விக்கெட் எடுத்தவரானார். அவருடைய தாத்தா 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த அந்தப் பையன் உலகின் முதலிடத்தில் நின்றான். (முரளியின் அரசியல் பேச்சுகள் பற்றி நமக்குள்ளே சண்டை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அது வேறு கட்டுரை.) அந்த ஓகஸ்டில் தென்னாபிரிக்கத் தொடரின்போது வலது தோள் காயம் பெரிதானது. அவுஸ்திரேலியாவில் சத்திரசிகிச்சை. விக்கெட் எண்ணிக்கை 532இல் நின்றுவிட்டது.

அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுசாக நீளாது. பந்தைச் சுழற்றும் வேலை மணிக்கட்டுக்கும் தோளுக்கும்தான். மொத்த வாழ்க்கையில் 133 டெஸ்ட்டில் 44,039 பந்துகள் போட்டிருக்கிறார். ஒரு டெஸ்ட்டுக்குச் சராசரியாக 330 பந்து. ஒரே தோள், ஒரே அசைவு.

இனி சச்சின். அதே 2004 ஓகஸ்டில் நெதர்லாந்தில் நடந்த தொடரில் அவருக்கு 'டென்னிஸ் எல்போ' என்றார்கள். முன்கைத் தசைகளை முழங்கையோடு கட்டும் தசைநாண் தேய்ந்து நைந்துபோவதுதான் அது. பெயரில் டென்னிஸ் இருந்தாலும், இது வருகிறவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒக்டோபரில் அவுஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்தது. பெங்களூர், சென்னை இரண்டு டெஸ்ட்டிலும் சச்சின் இல்லை. ஒக்டோபர் 15ஆம் திகதி சேப்பாக்கத்தில் ஷேன் வோர்ன், இர்ஃபான் பதானை வீழ்த்தி 533ஆவது விக்கெட்டை எடுத்தார். முரளியின் சாதனை போனது. "ரெண்டு பேருமே கிரவுண்டுல இல்லடா. ஒருத்தன் தோள், ஒருத்தன் முழங்கை. எங்களுக்கு அன்னிக்கு இழவு வீடு மாதிரி இருந்துச்சு" என்பார் மாமா.

இந்த "எங்களுக்கு" என்ற சொல்லில்தான் மலையகத்தின் வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பூட்டன்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதாவது முரளிக்குத் தோள் போவதற்கு முந்தின வருடம்! அப்படிப்பட்ட லயத்தில் போய் "நீ எந்த டீம்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே கவலைப்பட்டார்கள். மாரியம்மன் கோயிலில் மாமா இரண்டு தேங்காய் உடைத்தாராம்.

காயம் பட்டவர்கள் திரும்பி வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சச்சின் வலியோடு கொஞ்ச காலம் ஆடி, 2004 டிசம்பரில் டாக்காவில் 34ஆவது சதத்தை எடுத்து கவாஸ்கரைச் சமன் செய்தார். 2005 மே மாதம் லண்டனில் சத்திரசிகிச்சை. ஒக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ஓட்டம். டிசம்பர் 10ஆம் திகதி டெல்லியில் 35ஆவது சதம், உலக சாதனை. அதுவும் இலங்கைக்கு எதிராகத்தான். அதே இன்னிங்ஸில் முரளிக்கு 7 விக்கெட். சேப்பாக்கத்தில் இல்லாத இருவரும் டெல்லியில் நேருக்கு நேர் நின்றார்கள். "அன்னிக்கு நாங்க தோக்கவே முடியாது" என்பார் மாமா.

முரளி 2007 டிசம்பரில் கண்டி அஸ்கிரியவில், சொந்த ஊரில், கொலிங்வுட்டை வீழ்த்தி 709ஆவது விக்கெட்டோடு வோர்னைத் தாண்டினார். 2010இல் காலியில் 800. ஆனால் 2011 உலகக் கிண்ணத்தில் உடம்பு விட்டுக்கொடுத்தது. தொடை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக வலி. ஏப்ரல் 2ஆம் திகதி வான்கடே இறுதிப் போட்டிக்கு முன்பு நாடே "ஆடுவாரா" என்று கேட்டது. ஆடினார். 8 ஓவர், 39 ஓட்டம், விக்கெட் இல்லை. அதுதான் இலங்கைக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். காலையில் பெரட்டுக்களம், பிறகு மலை. செடி இடுப்பளவு, கொழுந்து அதன் மேல்தட்டில். இரண்டு கையும் நாள் முழுக்க முன்னால் நீண்டபடியே இருக்கும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் கூடைக்குள் போட வேண்டும். பாரம் தலைக்கயிற்றில் தொங்கும். முன்கை, முழங்கை, தோள். சச்சினுக்குப் போனதும் முரளிக்குப் போனதும் இங்கே ஒரே உடம்பில்.

முரளி போட்ட ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருக்கிறது. அம்மாவின் கை எத்தனை தடவை கூடைக்குப் போனது என்று யாரும் எழுதவில்லை. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் கிலோ மட்டும்தான். கிலோ குறைந்தால் அரைப்பேர். "ஓய்வெடுங்க" என்று சொல்வது சுலபம். ஓய்வெடுத்தால் அன்றைய பேர் விழாது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலேயே வந்துவிட்டது. ஆனால் நட்டஈடு கேட்கப் பெரும்பாலும் ஒரு விபத்தைக் காட்ட வேண்டும். விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. இருபத்தைந்து வருடமாகத் தேய்ந்த தசைநாணுக்கு எந்தத் திகதியைப் போடுவது?

போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது கவனித்தேன். அம்மா மேல்தட்டு டப்பாவை இடது கையால் எடுத்தார். தலை வாரும்போது கையை உயர்த்தவில்லை, தலையைச் சாய்த்தார். எத்தனை நாளா இப்படி என்று கேட்டேன். "அது கெடக்குது, நீ சாப்பிடு" என்றார். மாமா பக்கத்தில்தான் இருந்தார். முரளியின் தோளுக்குத் தேங்காய் உடைத்த அதே மாமா. அவரும் கவனித்ததில்லை. நானும் அதுவரை கவனித்ததில்லை. டுரான்ட் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது மட்டும் எனக்கு மனப்பாடம்.

விளையாட்டு வீரர்களுக்காகக் கவலைப்படுவது பிழை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கவலைதான் எனக்குத் தசைநாண் என்றால் என்னவென்று கற்றுத் தந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பாரத்தைக் குறைத்து, படிப்படியான உடற்பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான். அம்மாவை ஒருவழியாக பிசியோதெரபிக்குக் கூட்டிப்போயிருக்கிறோம். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு உயரம் போகிறது என்று மாமா பென்சிலால் சுவரில் கோடு போடுகிறார். ஸ்கோர் எழுதுகிற மாதிரியே, பக்கத்தில் திகதியும் போட்டு.

இந்த மாதம் ஊருக்குப் போனால் நீங்களும் உங்க அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கையைத் தலைக்கு மேலே தூக்க முடியுதா என்று.